பதினொரு புறாக்களும் அர்லெட்டின் பின்கதவும்

அர்லெட்டின் வீட்டிலிருந்து ரெமி தன் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிய வேலை ஒரே நடையில் முடிந்துவிட்டது. புறா கிளப் நண்பன் கஸ்டனின் வேனில் பாதிகூட நிறையவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு வீட்டில் வாழ்ந்த மனிதனுக்கு இவ்வளவுதானா என்று கஸ்டன் வாய்விட்டே கேட்டான். கூரை வேலைக்கான ஏணி இரண்டு, குளிர்கோட்டு ஒன்று, முழங்காலுக்குப் போடும் பட்டை, புறா வந்த நேரத்தைப் பதியும் பந்தயக் கடிகாரம், கடைசியாகப் பதினொரு ஆண் புறாக்கள். மற்றதெல்லாம் அர்லெட்டுடையது. வீடும் அவளுடையதுதான், அவள் அப்பா கட்டியது. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் யாரும் அதைக் கேட்பதில்லை. பிரியும்போதுதான் அது தெரியவரும்.

ரெமிக்கு அப்போது அறுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் கூரைமேல் ஏறி ஓடு வேய்ந்து முழங்காலைத் தொலைத்தவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் புறாவைப் பற்றித்தான் பேசுவான். ஹெர்ஸேலே ஊர் புறா கிளப்பில் அவனைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை. வீட்டில்தான் சொன்னார்கள், அதுவும் ஒரே ஒரு தடவை.

ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. காலையில் ரேடியோவைத் திருகி, பிரான்ஸில் எந்த ஊரில் எத்தனை மணிக்குப் பந்தயப் புறாக்களின் கூடைகளைத் திறந்துவிட்டார்கள் என்று கேட்டுக்கொள்வான். அதன்பின் தோட்டத்தில் நாற்காலியைப் போட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். அர்லெட் துணி காயப்போடக் கூடாது. கொடியில் வெள்ளைப் போர்வை ஆடினால் வந்த புறா மிரண்டுபோய் கூட்டுக்குள் இறங்காமல் கூரையிலேயே உட்கார்ந்துவிடும், பந்தயம் போய்விடும். அவள் தங்கையின் குடும்பம் வந்தால் பிள்ளைகள் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் புறாக்காரனோடு குடித்தனம் நடத்தும் பெண்கள் எல்லாரும் துணியைத் திங்கட்கிழமைதான் காயப்போடுவார்கள்.

அர்லெட்டின் அம்மா இறந்தபோது அடக்கம் ஒரு சனிக்கிழமை வந்தது. ஸ்பெயினிலிருந்து பறந்து வரும் பெரிய பந்தயத்தின் இரண்டாம் நாளும் அதுதான். ரெமி மாதாகோயிலுக்கு வந்தான், கல்லறைக்கும் வந்தான். அதன்பிறகு உறவுக்காரர்களெல்லாம் உட்கார்ந்து ரொட்டியும் காபியும் சாப்பிடும் இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அர்லெட் பார்த்தாள். "ஒரு அரை மணி நேரம்" என்று அவள் காதில் சொல்லிவிட்டு எழுந்து போனான். நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் புறா வந்தது. மாகாணத்தில் மூன்றாம் இடம். திரும்பி வந்தபோது நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அர்லெட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் ரெமி பிழைத்திருப்பான். எட்டு மாதம் கழித்து, மார்ச்சில், அடுக்களையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள்.

"ரெமி, நீ வேற இடம் பாத்துக்க."

"எதுக்கு? புறாவுக்கு இங்க நல்லாத்தானே இருக்கு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஆமா. புறாவுக்கு நல்லாத்தான் இருக்கு."

ரெமி ஆல்ஸ்ட் நகரத்தில், ஒட்டு வீடுகள் வரிசையில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தான். பின்னால் கட்டைவிரல் அளவு முற்றம். அதில் கஸ்டனும் அவனும் சேர்ந்து புதுக்கூடு கட்டினார்கள். பழைய கூடு பெரியது, அஸ்திவாரம் போட்டுக் கட்டியது. அதை அப்புறம் வந்து பிரித்துக்கொண்டு போவதாக அர்லெட்டிடம் சொல்லியிருந்தான்.

இங்கேதான் ரெமி அந்தத் தப்பைச் செய்தான். வளர்ந்த பந்தயப் புறாவை வீடு மாற்றினால் அதன் ஆயுசுக்கும் திறந்துவிடக் கூடாது. குஞ்சாக இருக்கும்போது எந்தக் கூரையைச் சுற்றிப் பறந்து பழகியதோ, அதற்கு அந்தக் கூரைதான் வீடு. கிளப்பில் புதிதாகச் சேர்பவனுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ரெமியே பத்துப் பேருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பான். ஆனால் தன் புறா என்று வந்துவிட்டால் புறாக்காரனின் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். என் கையில் தின்ற புறா, என் குரல் தெரிந்த புறா, நான் இருக்கிற இடத்தில்தானே இருக்கும் என்று நினைப்பான். எட்டு வாரம் பூட்டி வைத்திருந்தான். ஜூன் மாதத்தில் ஒரு காலை, தெளிந்த வானத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான். பதினொன்றும் இரண்டு சுற்றுச் சுற்றின. மூன்றாவது சுற்று இல்லை. ஸ்பெயினிலிருந்து வருகிற பறவைக்குப் பழைய வீடுவரை பதினைந்து கிலோமீட்டர் எம்மாத்திரம்?

அவன் சட்டையை மாட்டுவதற்குள் போன் அடித்தது.

"ரெமி, உன் ஆளுங்க எல்லாம் வந்தாச்சு" என்றாள் அர்லெட்.

"எத்தனை?"

"நான் ஏன் எண்ணணும்? கூட்டு மேல வரிசையா ஒக்காந்து என்னையே முறைக்குது. நீ சோறு போடலன்னு என்கிட்ட புகார் சொல்ல வந்த மாதிரி இருக்கு."

கூடைகளை எடுத்துக்கொண்டு போனான். தீனி டப்பாவைக் குலுக்கியதும் எல்லாம் சமர்த்தாகப் பழைய கூட்டுக்குள் இறங்கின. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட்டு மூடினான். அவமானமாக இருந்தது. பின்கதவில் அர்லெட் நின்றிருந்தாள்.

"காபி இருக்கு, குடிச்சிட்டுப் போ."

பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். கொதிகலன் சரியாக ஓடுகிறதா என்று அவன் கேட்டான். அவள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு சர்க்கரை டப்பாவைத் தேடினாள். டப்பா அவள் முன்னாலேயே இருந்தது, அவன் நகர்த்தி வைத்தான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மூன்று மாதமாக அவனிடம் யாரும் முழங்காலைப் பற்றிக் கேட்டதில்லை. திரும்பும் வழியில் சாலையோரம் காரை நிறுத்தி அழுதான். தனக்கு வேண்டியிருந்தது வீட்டிலிருந்து எடுத்து வந்த எதுவும் இல்லை, அங்கேயே விட்டுவிட்டு வந்த ஒருத்திதான் என்பது அந்தக் காரில் வைத்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. பந்தயக் காலத்தில் ஆண் புறாவை வாரம் முழுவதும் அதன் பெட்டையிடமிருந்து பிரித்து வைப்போம். பந்தயத்துக்குக் கூடையில் போடும் முன் பத்து நிமிடம் மட்டும் பெட்டையைக் காட்டுவோம். பார்த்துவிட்டுப் போன புறா எத்தனை நூறு மைல் தள்ளித் திறந்துவிட்டாலும் நேரே வீட்டுக்கு வந்து விழும். ஈவிரக்கம் இல்லாத முறைதான். நாங்கள் எல்லாரும் செய்கிறோம்.

ரெமி வீட்டுக்கு வந்து யோசித்தான். பதினொன்றையும் ஒரே நாளில் விட்டால் ஒரு காபி. ஒவ்வொன்றாக விட்டால் பதினொரு காபி. கூரைமேல் ஓடுகளைக்கூட எண்ணிப் பார்க்காமல் வேய்கிறவன், இந்தக் கணக்கை மட்டும் சரியாகப் போட்டான்.

ஜூலையில் ஒன்றை விட்டான். "தாழ்ப்பாள் சரியில்ல, அர்லெட்." ஆகஸ்டில் இரண்டு, வேறு வேறு வாரத்தில். "கூட்டக் கழுவும்போது நழுவிடுச்சு." "பூனை வந்து கதவை இடிச்சிடுச்சு." ஒவ்வொரு தடவையும் பின்கதவு திறந்தது, பத்து நிமிடம் கிடைத்தது. அவளுக்கும் பேச ஆள் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஊர்த் திருவிழா வாரத்தில் குங்குமப்பூ போட்ட பால்சோறு ஒரு கிண்ணம் எடுத்து வைத்தாள். ரெமி கரண்டியை நக்கிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி, அது எப்போதும் இருக்கும் அலமாரியில் வைத்தான். அவள் தடுக்கவில்லை. அந்தத் தடுக்காததை வைத்துக்கொண்டு அவன் இரண்டு வாரம் வாழ்ந்தான்.

கஸ்டனுக்கு விஷயம் புரிய அதிக நாள் ஆகவில்லை.

"டேய், ஊர்ல எவன் கூட்டுலயாவது இத்தன பூனை வருதாடா? உன் தாழ்ப்பாள நானே மாட்டினேன். யானை இடிச்சாலும் திறக்காது."

"பாக்கணும் போல இருக்கு கஸ்டன். என்ன பண்ணட்டும்?"

"போய் நேரா சொல்லு. 'உன்ன விட்டு இருக்க முடியல, அன்னைக்கு நான் எழுந்து போனது தப்பு'ன்னு சொல்லு. வாயில என்ன புறாத்தீனியா வச்சிருக்க?"

ரெமி தலையை ஆட்டினான். ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போனான். காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போவான். அடுக்களையில் உட்கார்ந்ததும் கொதிகலனைப் பற்றிக் கேட்டுவிடுவான்.

அக்டோபரில் ஆறாவது புறா. அன்று மேஜையில் ஒரு கோப்பைதான் இருந்தது, அவளுடையது.

"உக்காரு ரெமி. தாழ்ப்பாள் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

அவன் தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"இருபத்திரண்டு வருஷம் புறாக்காரன்கூட இருந்திருக்கேன். புறா எப்படி நழுவும், எப்படி நழுவாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆம்பளப் புறாவுக்குப் பத்து நிமிஷம் பொண்ணக் காட்டி அனுப்புவியே, எத்தன தடவ இந்த ஜன்னல்ல நின்னு பாத்திருப்பேன். அப்பல்லாம் அந்தப் பெட்டைய நெனச்சுத்தான் பாவமா இருக்கும். ஆம்பள வருது, பரிசு வாங்குது. பெட்டை பாட்டுக்கு இருட்டுல கெடக்கும்." அவள் குரல் உயரவில்லை. "இப்ப நீ எனக்கு அதே வேலையப் பண்ற."

"நான் அப்படி நெனைக்கல அர்லெட்."

"நெனைக்கலன்னு தெரியும். எதையும் நெனைக்கலங்கிறதுதான் கஷ்டம். நீ வந்துட்டுப் போனா எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போகுது. கூட்டப் பிரிச்சுத் தூக்கிட்டுப் போ. கூடு இல்லன்னா அதுங்க வராது. நீயும் வரமாட்ட."

அப்போது சொல்லியிருக்கலாம். கஸ்டன் வரிசையாக எடுத்துக்கொடுத்த வார்த்தைகள் எல்லாம் வாய்வரை வந்தன. ஆனால் ரெமி, "பழைய பலகை, நல்ல பலகை. மழைக்காலம் முடிஞ்சதும் பிரிச்சுக்கறேன்" என்றான்.

அர்லெட் எழுந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அடுத்த தடவை அவன் போனபோது புறா ஓர் அட்டைப்பெட்டியில், பின்படியில் இருந்தது. பெட்டியில் காற்றுக்குத் துளை போட்டிருந்தாள், உள்ளே ஒரு பிடி சோளமும் போட்டிருந்தாள். கதவைத் தட்டினான். மாடியில் வானொலி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரும் இறங்கி வரவில்லை.

கஸ்டன் அவனைக் கிளப்பில் உட்காரவைத்து, பீர் கோப்பைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினான். இனி ஒரு புறாவையும் விடக் கூடாது. நவம்பர், டிசம்பர், ஜனவரி, ரெமி சத்தியத்தைக் காப்பாற்றினான். தினமும் காலையில் கூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தான், தண்ணீர் மாற்றினான். மழையும் சேறுமாக இருந்த அந்த மாதங்களில் பலகைகளைப் பிரிக்கப் போகவும் இல்லை. கூடு அங்கே நிற்கிறவரைக்கும் ஏதோ ஒன்று முடியாமல் இருக்கிறது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ஒரு நாள் தாளில் எழுதிப் பார்த்தான்: 'அன்றைக்கு நான் எழுந்து போயிருக்கக் கூடாது.' எழுதி முடித்ததும், இவ்வளவு சின்ன வாக்கியத்தையா இத்தனை மாதம் சுமந்தோம் என்று வெட்கமாக இருந்தது. மனப்பாடம் செய்துகொண்டான். இந்தத் தடவை காபிக்கு உட்காரமாட்டான், நின்றபடியே சொல்லிவிடுவான்.

பிப்ரவரியில் வெயில் அடித்த முதல் நாள், புள்ளிபோட்ட புறா ஒன்றை எடுத்து வெளியே விட்டான். புறா போனது. சட்டையை மாற்றி, முகச்சவரம் செய்துகொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தான். சாயங்காலம்வரை போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. வழியில் பருந்து அடித்திருக்குமோ என்று பயந்தான். அவள் வேண்டுமென்றே கூப்பிடாமல் இருக்கிறாளோ என்று அதைவிடப் பயந்தான். மூன்றாம் நாள் போன் வந்தது. தெரியாத எண்.

"ரெமிங்கிறது நீங்கதானா சார்? உங்க புறா எங்க தோட்டத்துல இருக்கு. ரெண்டு நாளா இருக்கு. நாங்க இங்க புதுசு, இப்பத்தான் இந்த நம்பரப் பாத்தோம்."

"எந்த ஊரும்மா?"

அந்தப் பெண் தெருவும் எண்ணும் சொன்னாள். அது அர்லெட்டின் வீடு.

காரில் போகும்போது அவன் எதையும் ஒத்திகை பார்க்கவில்லை. அர்லெட் வீட்டை விட்டுப் போகப்போவது கஸ்டனுக்குத் தெரிந்திருக்கும், கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் சத்தியம் வாங்கினார்கள் என்று தோன்றியது. கோபப்படக்கூட முடியவில்லை.

வாசலில் வேறு பெயர்ப்பலகை. கதவைத் திறந்தவள் சின்ன வயதுக்காரி, வயிறு சற்று மேடிட்டிருந்தது. பெயர் ஃபெம்க என்றாள். ஜனவரியில் குடிவந்தார்களாம். பழைய கூட்டில் புறாக்கள் நுழையும் பறக்கும் வாசலில் அவள் கணவன் கம்பிவலை அடித்திருந்தான், கோழி வளர்க்கப் போகிறார்களாம். வலைக்கு வெளியே, இறங்கு பலகையில், புறா உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டப்பாவைக் குலுக்கியதும் உள்ளே போகப் பார்த்து, வலையில் முட்டியது. மறுபடி முட்டியது. ரெமி ஏணி கேட்டு வாங்கி, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச ஏறி, கையால் பிடித்து இறக்கினான்.

அடுக்களையில் கூடையை மூடிக் கட்டும்போது, முடிந்த அளவு சாதாரணமாகக் கேட்டான். "இங்க இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க, தெரியுமா? அவங்க சாமான் ஒண்ணு ரெண்டு என்கிட்ட இருக்கு. குடுத்துடலாம்னு."

அவனிடம் அவள் சாமான் ஒரு கரண்டிகூட இல்லை. ஃபெம்கவின் முகம் சிவந்தது. அவள் கொதிகலன் பக்கத்தில் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவள் கையால் மறைக்கப் போனாள், பிறகு அதுவும் நன்றாக இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, விலகிக்கொண்டாள். அர்லெட்டின் சாய்ந்த கையெழுத்து. குடிவருகிறவர்களுக்காக எழுதி வைத்தது.

'கொதிகலன்: முள் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் விடவும்.

நிலவறைக் கதவு: தூக்கித் தள்ள வேண்டும்.

குப்பை: வியாழன் காலை ஏழுக்கு முன்.

புறா: என்றைக்காவது வரும். கீழே உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள். ரெமி என்பவர் வந்து எடுத்துக்கொள்வார். என் விலாசம் கேட்பார். கொடுக்க வேண்டாம். கெட்டவர் இல்லை.'

ரெமி இரண்டு தடவை படித்தான். கோபமாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பான். குப்பைக்கும் கொதிகலனுக்கும் எழுதிய அதே நிதானத்தில் எழுதியிருந்தாள், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"மன்னிச்சுக்கங்க சார். காபி போடட்டுமா?" என்றாள் ஃபெம்க.

"வேண்டாம்மா."

"இது மறுபடி வருமா?"

"வராது. பூட்டி வச்சிடறேன்."

வாசல்வரை போனவன் நின்று திரும்பினான். "அந்தப் பலகை எல்லாம் ஓக் மரம். கோழிக்குத் தாங்கும்" என்றான். மனப்பாடம் செய்த வாக்கியம் தொண்டையில் அப்படியே இருந்தது. சொல்ல இனி ஆள் இல்லை.

அந்த வாரமே ஆல்ஸ்டில் தன் கூட்டின் பறக்கும் வாசலை ஆணியடித்து மூடினான். பந்தயப் புறா நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடம்கூட உயிரோடிருக்கும். ரெமி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான்.

வசந்தத்தில் கஸ்டன் இரண்டு பெட்டைகளைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்தான். "குஞ்சு பொரிக்க விடுடா. கெழடுங்கதான் பழைய வீட்டுக்கு ஓடும். இங்க பொறந்த குஞ்சுக்கு இதுதான் வீடு. மறுபடி பறக்க விடலாம், ஞாயித்துக்கிழமை நானும் வந்து ஒக்காருறேன்."

ரெமி பெட்டியைத் திறந்து பெட்டைகளைப் பார்த்தான். நல்ல கண், நல்ல சிறகு. ஒன்றின் கழுத்தை விரலால் தடவிவிட்டு மூடியை மறுபடி போட்டான்.

"நீயே வச்சுக்க கஸ்டன். இருட்டுல கெடக்கும் பாவம்" என்றான்.